பதிவில் விழுந்த கதவு

ஜூன் 10

அண்ணா,

"அன்புள்ள" என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. அம்மா போன மறுவாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன், போன் நம்பரையும் மாற்றிக்கொண்டாய். உன் விலாசத்தை உன் சிநேகிதன் அந்த ஒல்லிக்குச்சியிடமிருந்து பிடுங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. "சொன்னா அவன் என்னைக் கொன்னுடுவான்" என்றான். "சொல்லலைன்னா நான் கொன்னுடுவேன்" என்றேன். கப்பல் கட்டும் துறையில் வெல்டராக இருக்கிறாயாம். கண்ணைப் பார்த்துக்கொள்.

சண்டை போட எழுதவில்லை. எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். மூன்றாம் ஆண்டில் எல்லோரும் எங்காவது பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது கல்லூரி விதி. என் தோழிகளுக்கெல்லாம் பத்திரிகை அலுவலகம், வங்கி என்று குளுகுளு இடமாகக் கிடைத்தது. எனக்கு வாய்த்தது ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையின் மாடி. பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் சின்ன அமைப்பு. மொத்தம் இரண்டு அறை. ஒன்றில் மேஜை, பீரோ, பெரிய மேடம். சின்ன மேடம் என்று யாரும் கிடையாது, ஆனாலும் அவர் பெரிய மேடம்தான். இன்னொன்று மெத்தை அறை. வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க நாலு சுவரிலும் பழைய மெத்தைகளை நிற்க வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்தால் யாரோ தூங்கி எழுந்த படுக்கைக்குள் புகுந்த மாதிரி இருக்கும்.

பதிவு செய்பவருக்குக் "காது" என்று பேர். முதல் நாள் நான் வாசிக்க ஆரம்பித்து இரண்டு வரி போகவில்லை, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து "கதவு!" என்று கத்தினார். நான் எழுந்துபோய்க் கதவைப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் சாத்தியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அங்கே பதிவில் விழக்கூடாத எந்தச் சத்தத்துக்கும் கதவு என்றுதான் பேராம். நான் இருமினால் கதவு. பஸ் ஹாரன் அடித்தால் கதவு. "ஏன் அப்படி?" என்று கேட்டேன். "நான் வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான்மா, அது ஒரு பெரிய கதை" என்றார்.

பதிவானதைக் கேட்டுச் சரிபார்ப்பவர் ஒரு பார்வையற்ற அக்கா. காலையில் ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கும் வேலை, மதியத்துக்கு மேல் இங்கே. நாங்கள் வைத்த பேர் நீதிபதி. என்னைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "உன் குரல்ல பயம் இருக்கு. பரிட்சை எழுதப்போறது நீயா?"

அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் பொய். பஸ் ஓட்டிவிட்டு வருகிறார். வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டு ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்க்கிறார். பழைய வழக்கம்தான். ஆனால் யாரை வெளியே நிறுத்துவதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா உனக்கு வைத்த பட்டப்பேருக்கு ஏற்ற மாதிரி, பீரங்கி வெடித்தாற்போல் அறைந்துவிட்டுப் போனாயே, அந்தக் கதவு இன்னும் நிலையில் சரியாக உட்காரவில்லை.

பதில் போடு. போடாவிட்டாலும் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

பாப்பா


ஜூன் 26

பாப்பா,

ஒல்லிக்குச்சியை நேரில் பார்க்கும்போது கவனித்துக்கொள்கிறேன்.

கடிதம் எழுது. போன் வேண்டாம். போனில் நீ பேசும்போது பின்னால் அவர் இருமுவார், செருப்பைக் கழற்றுவார், டம்ளரை வைப்பார். என்னால் அதைக் கேட்க முடியாது. காரணம் அவ்வளவுதான்.

இங்கே வேலை பரவாயில்லை. எட்டுப் பேர் ஓர் அறையில். என் கட்டில் ஜன்னல் ஓரம். கண் நன்றாக இருக்கிறது.

உன் கடிதத்தில் ஓர் இடத்தை நாலு தரம் படித்தேன். சைக்கிள் கடை, பக்கவாட்டில் இரும்புப் படி, ஏறும்போது ஆடுமா? அப்படியென்றால் அந்த இடம் எனக்குத் தெரியும். அம்மா அவர்களுக்கு வாசித்துக் கொடுத்திருக்கிறாள். நீ அப்போது நடக்கப் பழகிய குழந்தை. உனக்கு ஞாபகமிருக்க நியாயமில்லை.

அப்போது மெத்தை அறையெல்லாம் கிடையாது. டேப் ரெக்கார்டரையும் கேசட்டையும் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். நீ மதியம் தூங்கும் நேரம் பார்த்து அம்மா சமையலறையில் உட்கார்ந்து வாசிப்பாள். பத்தாம் வகுப்பு வரலாறு. நான் ஸ்கூல் விட்டு வந்து சத்தம் போட்டால் கையை ஓங்குவாள், அடிக்க மாட்டாள். அடி டேப்பில் விழுந்துவிடும் அல்லவா? அந்தத் தைரியத்தில் நான் ரொம்ப ஆடுவேன். வாசித்து முடித்த கேசட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தப் படி என் காலடியில் ஆடியது நினைவிருக்கிறது.

அம்மா பேசிய எதுவும் நம்மிடம் இல்லை. ஒரு கல்யாண வீடியோவில் இருக்கிறாள், பந்தியில் வாயை மூடிச் சிரித்துக்கொண்டு. கடைசி மாதங்களில் அந்தச் சிலேட்டுதான். எழுதுவாள், அழிப்பாள்.

தேடிப் பார். ஒரு கேசட்டாவது இருக்கும். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணா,

பார், இந்தத் தடவை போட்டுவிட்டேன்.

இத்தனை வாரமாக நான் போய் உட்காரும் இடத்துக்கு அம்மா வாசித்துக் கொடுத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. ஏன் யாரும் சொல்லவில்லை? அப்பாவிடம் "நான் இன்ன இடத்துக்குப் போறேன்பா" என்று முதல் நாளே சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்"முக்குள் இது இருந்திருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று இரும்புப் படியில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்றேன். சைக்கிள் கடைக்காரர் "என்னம்மா, முட்டி வலியா?" என்று கேட்டார்.

பெரிய மேடத்திடம் சொன்னேன். அவர் இங்கே வந்து அதிக காலம் ஆகவில்லை, பழைய ஆட்களைத் தெரியாது. வாசிப்பவர் தன் பேரைப் பதிவில் சொல்லக்கூடாது என்பது இங்கே ஆரம்பத்திலிருந்து உள்ள பழக்கம். பிள்ளைகளுக்குப் பாடம் கேட்டால் போதும், ஆளைப் பற்றி என்ன? அதனால் யாருடைய குரல் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம் என்றார். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பரண் சாவியை எடுத்துக் கொடுத்தார். "எறிய மனசு வராம மேல போட்டு வெச்சிருக்கோம். நீயே பாரு. தூசு ஒத்துக்கலைன்னா இறங்கிடு."

பரணில் இரண்டு தகரப் பெட்டி நிறையக் கேசட். கேட்க ஒரு பழைய டேப் ரெக்கார்டரைக் காது சரிசெய்து தருகிறேன் என்றிருக்கிறார். என் வாசிப்பு வேலை முடிந்த பிறகு, மதியங்களில் கேட்கப்போகிறேன்.

உன் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து ரொம்பக் கற்பனை செய்யாதே. நானும் செய்யக்கூடாது என்றுதான் பார்க்கிறேன். ஆனால் நேற்று மெத்தை அறையில் வாசிக்கும்போது, அம்மா எப்படி வாசித்திருப்பாள் என்று நினைத்து அந்த மாதிரி வாசித்துப் பார்த்தேன். முடியவில்லை. அவள் பேசியதே எனக்கு மறந்துகொண்டு வருகிறது, அண்ணா. சிலேட்டில் எழுதிய எழுத்து மட்டும் பளிச்சென்று நிற்கிறது. அது ஏன் அப்படி?

பாப்பா


ஆகஸ்ட் 3

அண்ணா,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து, கடைசியில் கிழிக்கவும் அலுத்துப்போய் அனுப்புகிறேன்.

கேசட் கிடைத்தது. அம்மாவின் கேசட்தான். மேலே ஒட்டிய காகிதத்துக்கு அடியில் இன்னொரு காகிதம், அதற்கும் அடியில் அம்மாவின் கையெழுத்தில் "வரலாறு". அவளுடைய "று"வை எனக்குத் தெரியும். வாலை நீட்டி விடுவாளே.

ஆனால் உள்ளே அம்மா இல்லை.

பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் பழைய பாடத்தின் மேலேயே புதுப் பாடத்தைப் பதிவு செய்வார்களாம். புதுக் கேசட் வாங்க வசதியில்லாத காலம். அப்படித்தான் எல்லோரும் செய்தார்கள், யார் மேலும் குற்றம் இல்லை. அம்மாவின் மேல் யாரோ ஒரு பெரியவர் மண் வகைகளைப் பற்றிக் கரகரவென்று வாசிக்கிறார். கரிசல் மண், செம்மண், வண்டல் மண். இரண்டு பக்கமும் கேட்டேன். "சில சமயம் கடைசியில கொஞ்சம் மிச்சம் இருக்கும்மா, புதுசு சீக்கிரம் முடிஞ்சா பழசு எட்டிப் பார்க்கும்" என்று காது சொன்னார். அந்த நம்பிக்கையில் மண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டேன்.

மிச்சம் இருந்தது. பெரியவர் "இத்துடன் பாடம் முற்றும்" என்று சொன்ன பிறகு, ஒரு விசிறி ஓடும் சத்தம். அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன "டக்". பிறகு நாடா தீர்ந்துவிட்டது. நம் சமையலறையில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு விசிறி இருந்ததா? எனக்குத் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும்.

பெட்டியில் மற்ற கேசட்டுகளையும் கேட்டுவிட்டேன். இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, திரும்பவும் பட்டனைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். டூட்டி முடிந்து வந்த மனுஷன் எங்கே போவார்? தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தார்.

என்னைத் திட்டு, பரவாயில்லை.

பாப்பா


ஆகஸ்ட் 17

பாப்பா,

உன்னை எதற்குத் திட்ட வேண்டும்?

விசிறி நம்முடையதுதான். அந்த "டக்" நம்முடையதுதான். எண்ணெய் போடச் சொல்லி அம்மா நச்சரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பார் அவர். ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்குப் போய்விடுவார். விசிறியின் சத்தம் தங்கிவிட்டது, அவள் சத்தம் போய்விட்டது. நன்றாக இருக்கிறது நியாயம்.

அவள் சத்தம் இரண்டாவது தடவை போகிறது. முதல் தடவை எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். டாக்டர் இரண்டு வழி சொன்னார். தொண்டையில் கத்தி வைக்காமல் வைத்தியம் பார்க்கலாம், நிச்சயம் கிடையாது. குரல்வளையை எடுத்துவிட்டால் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை, ஆனால் அதற்கப்புறம் பேச்சு இல்லை. நான் முதல் வழி என்றேன். அவர் இரண்டாவதுக்குக் கையெழுத்துப் போட்டார். "அவ சரின்னு தலையாட்டினா" என்றார். அவள் எதற்குத்தான் தலையாட்டவில்லை? அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தலையாட்டியவள். கிளம்பிய அன்று அவரிடமும் இதைத்தான் கேட்டேன், கத்தினார். என்ன கிடைத்தது? சில மாதம் கூடுதலாகக் கிடைத்தது, ஊமையாக. கடைசியில் என்னைக் கூப்பிட நினைத்து, சுவரில் விரலால் தட்டினாள். அந்தச் சத்தம்தான் எனக்கு மிச்சம்.

நீ அப்போதும் ஒன்றும் பேசவில்லை, இப்போதும் அவர் தெருமுனையில் போய் நின்றார் என்று பரிதாபமாக எழுதுகிறாய். நீ அவர் பக்கம். இருந்துவிட்டுப் போ.

தேடியது போதும். இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.

அண்ணன்


செப்டம்பர் 4

அண்ணா,

எழுதாதே என்று சொன்னால் எழுதாமலிருக்க நான் அம்மா இல்லை. உனக்குத் தலையாட்ட வேறு ஆளைப் பார்.

நான் யார் பக்கமும் இல்லை. நீ கதவை அறைந்துவிட்டுப் போனாய். அறைந்தவனுக்குச் சத்தம் ஒருதரம்தான். வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் அது தினமும். காலையில் இரண்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மூன்றாவதைத் தேடி, அப்புறம் நான்காவதையும் தேடுகிற வேலை யாருக்கு வாய்த்தது? ஒரு வருஷத்துக்கு மேல் எனக்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டது நீதான். எனக்கு அழக்கூட நீ இடம் வைக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டேன், இனி சண்டை இல்லை. இப்போது நான் எழுதப்போவதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

போன வாரம் மெத்தை அறையில் புதிய வரலாற்றுப் புத்தகம் எனக்கு வந்தது. பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்கள் என்று ஒரு பாடம். நான் "மூன்றாவது காரணம்" என்று வாசித்ததும், பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்த நீதிபதி களுக்கென்று சிரித்துவிட்டார். காது "கதவு!" என்றார். நீதிபதிக்கு இன்னும் சிரிப்பு. "இவளுக்கு அந்தக் கதை தெரியாதா? கதவு எப்படி வந்துச்சுன்னு யாரும் சொல்லலையா?" என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அவர் பத்தாம் வகுப்பில் வரலாற்றைக் கேசட்டில் கேட்டே மனப்பாடம் செய்தவராம். வாசித்த பெண்ணை எல்லாப் பிள்ளைகளும் "வரலாற்று அக்கா" என்பார்களாம். பேர் தெரியாது. "அர்த்தம் எல்லாம் யாரு பார்த்தா? ராகத்தோட அப்படியே விழுங்கிட்டேன்." அரையாண்டுப் பரிட்சையில் அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் போட்டார்கள். சொன்னதை அப்படியே எழுத வேண்டும், ஒரு வார்த்தை கூட்டக் குறைக்கக் கூடாது என்பது அந்த ஆளுக்கு விதி. இவர் மடமடவென்று ஒப்பித்தார். என்னிடமும் ஒப்பித்துக் காட்டினார்.

"முதலாவது, வாரிசுகளுக்குள் ஒற்றுமை இல்லை. இரண்டாவது, எல்லைகள் மிக விரிந்துவிட்டன. டேய் பீரங்கி, மெதுவா சாத்துடா. பாப்பா தூங்குறா. அப்பா வர்ற நேரம். எங்க விட்டேன்? ஆங், மூன்றாவது..."

அந்த ஆளும் வஞ்சனையில்லாமல் அத்தனையையும் எழுதிவிட்டாராம். திருத்தியவர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பீரங்கிக்கு மட்டும் ஒரு கோடு போட்டு "விளக்குக" என்று எழுதியிருந்தாராம். இந்த இடத்தில் அந்த அறையில் எல்லோரும் சிரிப்பது வழக்கம். அன்றும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று நீதிபதிக்குத் தெரிந்துவிட்டது. "என்ன ஆச்சு?" என்றார்.

நான், "அந்தப் பாப்பா நான்தான்" என்றேன்.

அண்ணா, அது அம்மாவேதான். அந்த "டேய்"யை இழுக்கிற இழுப்பு. "மெதுவா" என்று சொல்லும்போதே குரலை மெதுவாக்கிக்கொள்வது. "ஆங்" என்று மூக்கால் சொல்வது. எனக்கு மறந்துகொண்டு வருகிறது என்று எழுதினேனே, அது அப்படியே இன்னொருத்தி வாயிலிருந்து வந்து என் மேல் விழுந்தது. நீதிபதி என் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

பிறகு மீதியையும் சொன்னார். பரிட்சையில் அப்படி ஆனது தெரிந்ததும் அம்மா அவரைத் தேடிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டாளாம். எதிரில் உட்கார்ந்து பாடம் முழுவதையும் கதவு இல்லாமல் வாசித்துக் காட்டினாளாம். "ஆனா எனக்கு மனசுல நின்னது கதவோட இருந்ததுதான். அந்தக் கேசட்டைக் கேக்கும்போதெல்லாம் ஒரு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். நான் ஹாஸ்டல் பிள்ளை." அதற்கப்புறம்தான் வீட்டுக்குக் கேசட் கொடுப்பதை நிறுத்தி மெத்தை அறை கட்டினார்களாம். சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாவால் அங்கே வர முடியவில்லை. வாசிப்பும் நின்றுபோனது.

இதை உன்னை நோகடிக்கச் சொல்லவில்லை. உன் கதவுதான் தங்கியிருக்கிறது. நீ ஒழுங்குப் பிள்ளையாக இருந்திருந்தால் வெறும் பேரரசு மட்டும்தான் மிச்சம்.

உனக்கு அனுப்ப அதைப் பதிவு செய்து கொள்ளட்டுமா என்று கெஞ்சினேன். நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. "நான் கேசட் இல்லைம்மா. உங்க அம்மா எனக்காக நேர்ல வந்தாங்க. அவனுக்கு வேணும்னா அவனும் வரட்டும்."

அப்பாவிடம் சொன்னேன். இந்தத் தடவை வெளியே போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "அப்பா வர்ற நேரம்னா சொன்னா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு தானாகவே சொன்னார்: "அன்னைக்கு அவ தலையாட்டினா. பயத்துல ஆட்டினாளா, எனக்காக ஆட்டினாளா, எனக்கு இன்னைக்கும் தெரியல. அவன் கேட்டது சரியான கேள்விதான். பதில் தெரியாமதான் நான் கத்தினேன்."

அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். நானும் இப்போது அந்தப் பரிட்சை எழுதும் ஆள் மாதிரிதான்.

என் பயிற்சி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

பாப்பா


அக்டோபர் 6

பாப்பா,

வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கோபப்படாமல் படி.

உன் பயிற்சி முடிந்து நீ கல்லூரிக்குப் போயிருப்பாய் என்று தெரிந்துதான் வந்தேன். உன் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கு வேறு எதுவும் முடிந்திருக்காது.

இரும்புப் படி இன்னும் ஆடுகிறது. வெல்டிங் விட்டுப்போயிருக்கிறது, இரண்டு இடத்தில் பற்ற வைத்தால் போதும். மேலே போய்க் கதவைத் தள்ளினேன். ஏதோ ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு டமாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே ஹெட்போன் போட்டு உட்கார்ந்திருந்த பெண், தலையைத் திருப்பாமலே "கதவு!" என்றாள். அவள் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னாள். "ஆமாங்க. நான்தான்" என்றேன்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "நீதானா அந்தப் பீரங்கி? இவ்வளவு நாளாச்சா வர்றதுக்கு?" என்றாள்.

அவள் சொன்னாள், நான் கேட்டேன். அதை எழுத எனக்குத் தெரியாது. நீ எழுதியபோது கண்ணால் படித்தேன். காதில் விழுவது வேறு. அம்மா என்னை அந்த மாதிரி திட்டி எத்தனை காலமாகிறது. திட்டும்போதுகூட நீ விழித்துக்கொள்ளக்கூடாது என்று குரலை இறக்கிக்கொள்கிறாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னாள். மூன்றாவது தரம் கேட்க வாயெடுத்தபோது, "போதும்பா. எனக்கும் அழுகை வருது" என்றாள். மெத்தை அறையைக் காட்டினார்கள். உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே எவ்வளவு சத்தம் போட்டாலும் வெளியே கேட்காதாம். நல்ல ஏற்பாடு.

பிறகு வீட்டுத் தெருவுக்கு வந்தேன். எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வாசலில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடி அவ்வளவும் வெளுத்துவிட்டதே, நீ எழுதவே இல்லை. தெருவைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். பஸ் போகட்டும் என்று நின்றேன். இன்னொரு வண்டி போகட்டும் என்று நின்றேன். போய் என்ன சொல்வது? பதில் தெரியாது என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கும் தெரியாது என்று நான் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குக் கால் வரவில்லை. அன்று நான் சொன்ன வழியிலேயே அம்மாவுக்குச் செய்திருந்தால், அந்தச் சில மாதமும் இல்லாமல் போயிருக்கும். இதை இதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை. கோபமாக இருந்தவரைக்கும் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு நடந்தேன். அவரிடம் நான் வந்ததைச் சொல்லாதே. வந்தவன் உள்ளே வராமல் போனான் என்று தெரிந்தால் அது இன்னும் மோசம்.

அண்ணன்


அக்டோபர் 15

அன்புள்ள அண்ணா,

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அப்பா என்னிடம் சொல்லிவிட்டார். "மருந்துக்கடை வாசல்ல ஒருத்தன் நின்னான். ஒத்தைக் கால்ல பாரத்தைப் போட்டு நின்னான்." நீ சின்ன வயசிலிருந்து அப்படித்தான் நிற்பாய் என்று எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் உன்னைப் பார்த்திருக்கிறார். எழுந்து வந்து கூப்பிட்டால் நீ ஓடிவிடுவாயோ என்று பயம். அதனால் சாப்பிடுகிற மாதிரியே உட்கார்ந்திருந்திருக்கிறார். தட்டில் இருந்ததை முடித்த பிறகும் வெறும் தட்டில் கையை வைத்துக்கொண்டு. "ஒரு வாய் அதிகமா சாப்பிட்டா அவன் ஒரு நிமிஷம் அதிகமா நிப்பான்னு நினைச்சேன்" என்றார். நான் கல்லூரியிலிருந்து வந்தபோது கை காய்ந்துபோய் அப்படியே இருந்தார்.

நீ போனதைப் பார்த்த பிறகு எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளை நீக்கியிருக்கிறார். நேரம் கடந்துவிட்டது என்று தெரிந்துதான் நீக்கினார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு இன்றுவரை அதை அவர் போடவில்லை. படுக்கப்போகும்போது நான் போட்டால், இருமிக்கொண்டே எழுந்து வந்து எடுத்துவிடுகிறார். திருடன் வருவான் என்றேன். "வரட்டும்" என்கிறார். அந்த மனுஷன்!

கல்லூரிக்கு அறிக்கை கொடுத்துவிட்டேன். "இந்தப் பயிற்சியில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?" என்று ஒரு கேள்வி. குரல் பயிற்சி, குழுவாக வேலை செய்வது என்று தோழிகள் எழுதியதையே நானும் எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால் பக்கம் போதாது. சுத்தமான பதிவுக்காக நாங்கள் அத்தனை பேர் அத்தனை பாடுபட்டோம். இருமலை வெட்டினோம், ஹாரனை வெட்டினோம், மூச்சை வெட்டினோம். அந்த ஹாஸ்டல் பிள்ளைக்கு இத்தனை வருஷமும் உடன் இருந்ததோ நாங்கள் வெட்டியிருக்கக்கூடியது. கடைசி நாள் காதிடம் கெஞ்சி, என் வரலாற்றுப் பாடத்தில் மூன்றாவது காரணத்துக்கு முன்னால் நான் விட்ட பெருமூச்சை வெட்டாமல் விடச் சொன்னேன். நீதிபதியும் கேட்டுவிட்டுத் தள்ளுபடி செய்யவில்லை.

அம்மாவை நினைத்தால் இப்போது சிலேட்டு முதலில் வருவதில்லை. ஆனால் அவள் இல்லை என்பது முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது. முன்பு வீடு சும்மா அமைதியாக இருந்தது. இப்போது அவள் பேசாத அமைதியாக இருக்கிறது.

உனக்குப் பதில் தெரியாது, அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து தெரியாமல் இருக்கலாம், தனித்தனியாக எதற்கு? அந்த இரும்புப் படியைப் பற்ற வைக்க வேண்டும் என்றாயே, அதைச் சாக்காக வைத்துக்கொண்டாவது வா. பெரிய மேடத்திடம் ஒரு வெல்டர் வருகிறார் என்று சொல்லியாகிவிட்டது.

நிலையில் உட்காராத கதவு, தள்ளினால் திறந்துகொள்ளும். மெதுவாக வர வேண்டும் என்றில்லை. எப்போதும் போல் டமாரென்றே சாத்து, அண்ணா. இந்த வீட்டில் இப்போது யாரும் சரியாகத் தூங்குவதில்லை.

பாப்பா